முதலில் தண்ணீரைப் பார்: வன்னியில் இயற்கை நெல் செய்ய மூன்று காணிகள்

அக்காவின் மகன் பிரான்சில் இருக்கிறான். முன்பெல்லாம் அழைத்தால் ஊர்ப் புதினம் கேட்பான். ஒரு வருடமாக நெல்லைப் பற்றி மட்டும்தான் கேட்கிறான். உழைத்துச் சேர்த்த காசில் ஒரு பங்கை எடுத்து, வன்னியில் செயற்கை உரமும் மருந்தும் இல்லாமல் நெல் செய்ய வேண்டும், பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருப்பிக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். போன ஆடியில் வந்தபோது மூன்று காணிகளைப் பார்த்துவிட்டுப் போனான்.

ஒன்று முரசுமோட்டைப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் ஐந்து ஏக்கர். குத்தகைக்குக் கிடைக்கும். இரண்டாவது புளியங்குளத்துக்குக் கிழக்கே, சின்னக் குளம் ஒன்றின் கீழே மூன்று ஏக்கர். மூன்றாவது ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரத்தில் எட்டு ஏக்கர் மானாவாரி. பல வருடமாக யாரும் உழாத நிலம், விலையும் குறைவு.

“மாமா, எதை எடுக்கட்டும்?” என்று கேட்டான். இரண்டாவதை எடு என்று தொலைபேசியில் சொன்னேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. உரமே படாத எட்டு ஏக்கரை விட்டுவிட்டு எதற்கு மூன்று ஏக்கர் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். இதே கேள்வியோடு வேறு ஆட்களும் வருவதால் பதிலை எழுதியே வைக்கிறேன்.

புல்லில் இருந்து தொடங்குகிறேன். இயற்கை நெல் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது “யூரியா போடாமல் பயிர் எப்படிப் பச்சை பிடிக்கும்?” என்பதைத்தான். அது இரண்டாவது கேள்வி. முதல் வருடத்தில் ஆளை விழுத்துவது பசளை இல்லை, புல்.

நான் இந்த முறைக்கு மாறியது 2019 காலபோகத்தில், அதாவது மாரி மழையோடு செய்யும் பெரிய போகத்தில். இரண்டு ஏக்கரில் மொட்டைக்கறுப்பன் என்ற பழைய நெல் இனத்தைப் போட்டேன். இங்கே வழக்கமாகச் செய்வது போலப் புரட்டாதியில் உழுது, மழைக்கு முன்னரே புழுதி விதைப்பு. ஐப்பசி மழையில் நெல் முளைத்தது, அதோடு சேர்ந்து புல்லும் முளைத்தது. பிறகு பத்து நாள் மழை இல்லை. நெல் அப்படியே நின்றது, புல் வளர்ந்தது. ஐந்து பெண்கள் ஒன்பது நாள் குனிந்து பிடுங்கினார்கள். பாதி வயலைத்தான் காப்பாற்ற முடிந்தது. மற்றப் பாதியில் வெட்டியது நெல்லா புல்லா என்று சொல்ல முடியாத அளவுக்கு இருந்தது.

அந்த ஒன்பது நாளில் ஒரு அம்மா எனக்குக் காட்டித் தந்ததை இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன். நெல்லும் நெற்சப்பி என்ற புல்லும் இளசாக இருக்கும்போது ஒரே மாதிரித்தான் தெரியும். இலை தண்டோடு சேரும் இடத்தை நகத்தால் மெல்ல விரித்துப் பார்க்க வேண்டும். நெல்லில் அந்த மூட்டில் வெள்ளைச் சவ்வு போலச் சின்ன நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நெற்சப்பியில் அந்த இடம் வழுவழுப்பாக வெறுமையாக இருக்கும். ஆனால் பன்றி நெல் என்ற களை நெல்லுக்கு இந்தச் சோதனை உதவாது. அதுவும் நெல் இனம்தான், அதற்கும் நாக்கு உண்டு. கதிர் விடும் வரைக்கும் அதைப் பிரிப்பது கடினம். அதனால்தான் விதை நெல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். அந்த வருடம் நான் வாங்கிய விதையில் பன்றி நெல் கலந்திருந்தது. அதை வயலை விட்டு அனுப்ப எனக்கு மூன்று போகம் பிடித்தது.

சரி, மருந்து அடிக்காமல் புல்லை என்ன செய்வது? வயலில் தண்ணீர் நிறுத்துவதுதான் வழி. பெரும்பாலான புல் விதைகள் முளைக்கக் காற்று வேண்டும். நட்ட வயலில் இரண்டு விரல் உயரத்துக்கு, மூன்று முதல் ஐந்து சென்ரிமீற்றர், தண்ணீரை மூன்று கிழமை விடாமல் நிறுத்தினால் அவற்றில் மிகப் பெரும் பங்கு முளைக்காது. கோரையும் தண்ணீரிலேயே வாழும் சில களைகளும் வரும், அவற்றைக் கையால் பார்த்துக்கொள்ளலாம். நின்ற தண்ணீரில் வளரும் நீலப்பச்சைப் பாசி காற்றில் உள்ள நைதரசனையும் கொஞ்சம் மண்ணில் சேர்க்கும். ஒரே தண்ணீர் களையையும் அடக்குகிறது, பயிருக்கும் ஊட்டுகிறது.

அதனால் காணி பார்க்கப் போகிறவன் கேட்க வேண்டியது இதுதான்: நாற்று நட்ட மறுநாள் இந்த வயலில் தண்ணீர் கட்ட என்னால் முடியுமா, மூன்று கிழமைக்கு அதைக் குறையாமல் வைத்திருக்க முடியுமா? மூன்று காணிகளையும் இந்தக் கேள்வியோடு பார்ப்போம்.

காட்டோரத்து எட்டு ஏக்கரில் தண்ணீரை முடிவு செய்வது வானம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைதான் எல்லாம். நல்ல வருடத்தில் வயல் நிறையும், இடையில் பத்து நாள் காய்ந்தால் புல்லுக்குத் திருவிழா. கோடையில் குளத்துத் தண்ணீரில் செய்யும் சிறுபோகம் என்ற பேச்சே இல்லை. மண் சுத்தம் என்பது உண்மை. மேலே வேறு வயல் இல்லாததால் பிறத்தியார் மருந்து வந்து சேராது, சான்றிதழ் எடுப்பதும் சுலபம். ஆனால் கதிர் முற்றும் நேரத்தில் யானை வரும், அதற்கு முன்னரே பன்றி வரும், மயில் விதைத்த நாளில் இருந்தே வரும். இரவுக் காவலுக்கு ஆள் வேண்டும், மின்வேலி வேண்டும். அதையும்விட, காட்டோரக் காணிகளின் எல்லைகளில் வனத் திணைக்களத்தோடு பிரச்சினைப்பட்டு நிற்கும் குடும்பங்கள் வன்னி முழுக்க இருக்கின்றன. அனுமதிப்பத்திரம் யார் பெயரில், வரைபடத்தில் காணி எங்கே, கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த இடமா என்ற மூன்றையும் பிரதேச செயலகத்தில் கேட்டு எழுத்தில் எடுக்காமல் ஒரு மரத்தைக்கூட வெட்டக் கூடாது. பல வருடமாக ஒரு நிலத்தை யாரும் உழவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் என்ன என்று தெரிந்த பிறகு பேசலாம்.

முரசுமோட்டைக் காணி நேர் எதிர். தண்ணீர் நிச்சயம், தெரு வசதி, மெசின் வசதி எல்லாம் உண்டு. குளம் நிறைந்த வருடத்தில் சிறுபோகத்துக்கும் பங்கு கிடைக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் முறை வைத்து வரும், அதுவும் பல வயல்களைத் தாண்டி வரும். எனக்கு அங்கே நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பழைய வயலும் அப்படி ஒரு வாய்க்காலின் கடைசியில்தான் இருந்தது. மேல் வயல்காரர் ஒரு நாள் பின்னேரம் புல்லு மருந்து அடித்தார். அன்றிரவே மழை கொட்டி, அவருடைய வரம்பு மேவி எங்கள் பக்கம் பாய்ந்தது. சில நாள் கழித்துப் பார்த்தால் வக்கடையில் (வரம்பில் தண்ணீர் விட வெட்டும் வாய்) இருந்து வயலின் நடுவரைக்கும் தண்ணீர் ஓடிய தடம் அப்படியே மஞ்சளாகத் தெரிந்தது. வளைந்து வளைந்து, வரைந்து வைத்தது போல. இரண்டு பக்கமும் பச்சை, நடுவில் அந்த மஞ்சள் ஆறு. அவர் மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அவர் தன்னுடைய வயலுக்குத்தான் அடித்தார். ஆனால் அந்தப் போகத்து நெல்லை இயற்கை நெல் என்று சொல்லி விற்க எனக்கு மனம் வரவில்லை. சாதாரண நெல்லோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளத்தையும் யோசிக்க வேண்டும். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியின் தாழ்வான வயல்கள் எப்படிக் கிடந்தன என்று இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு வெள்ளம் வந்தால் எந்த வயல் யாருடையது என்பதே தெரியாது, எந்த மருந்து எங்கே போனது என்று எப்படித் தெரியும்? குத்தகைக் காணியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மண் திருந்த மூன்று வருடம் எடுக்கும். திருந்திய பிறகு காணிக்காரர் திருப்பிக் கேட்டால் உழைப்பு அவருக்குத்தான் போகும். குத்தகைக்கு எடுப்பதென்றால் ஐந்து வருட எழுத்துக்குக் குறைந்து எடுக்க வேண்டாம்.

அப்புறம் சின்னக் குளம். 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட நிலத்துக்குப் பாயும் குளங்களைச் சிறு குளங்கள் என்று கணக்கிடுவார்கள். பெரிய குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்க, இவற்றைக் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கமக்காரர் அமைப்பும் பார்க்கின்றன. இவன் பார்த்த குளத்தின் கீழே பதினைந்து குடும்பம்தான் வயல் செய்கிறது. துருசு (குளத்து மடை) எப்போது திறப்பது, எத்தனை நாள் திறப்பது என்பதை அந்தப் பதினைந்து பேரும் குளக்கட்டில் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். அந்த மூன்று ஏக்கரும் துருசுக்கு நேர் கீழே இருக்கிறது. குளத்தை விட்டு வரும் தண்ணீர் முதலில் தொடுவது அந்த வயலைத்தான். வேறொருவரின் வயலில் பாய்ந்து வந்த தண்ணீர் அல்ல. மழை நின்றால் துருசைத் திறந்து கட்டலாம், மழை கூடினால் வக்கடையை வெட்டி விடலாம். நான் தேடுவது இதைத்தான்.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை. இந்தக் குளத்தில் பெரும்பாலான வருடங்களில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் மிஞ்சாது. குளம் தூர்ந்து போயிருக்கிறது. மழை பிழைத்த வருடத்தில் காலபோகத்துக்கே கையைப் பிசைய வேண்டி வரும். ஆனாலும் ஒரு போகத்தை முழுமையாக என் கையில் வைத்துச் செய்வதையே தெரிவு செய்வேன், இரண்டு போகம் பிறத்தியாரின் தண்ணீரை நம்பி நிற்பதைவிட. அறுவடை முடிந்த ஈரத்தில் பயறு போட்டால் அதுவே மண்ணுக்கு நைதரசன், வீட்டுக்குக் காசு.

விதைப்பா, நடுகையா?

தண்ணீரைக் கட்டலாம் என்று தெரிந்தபின் இதற்குப் பதில் தானாக வந்துவிடும். விதைப்பு மலிவு, நடுகைக்குக் கூலி கூட. ஆனால் விதைத்த நெல் வேர் பிடிக்கவும் காற்று வேண்டும், அதனால் முதல் கிழமை தண்ணீரை வடிக்க வேண்டும். அந்த ஒரு கிழமை புல்லுக்குப் போதும். நாற்றோ இரண்டு கிழமை முந்திப் பிறந்த பிள்ளை. நட்ட மறுநாளே தண்ணீர் கட்டலாம்.

நடுகையிலும் நாற்றை வேர் மண்ணோடு எறியும் பரசூட் முறை இருக்கிறது, இயந்திர நடுகை இருக்கிறது, கயிறு பிடித்து வரிசையாகக் கையால் நடுவது இருக்கிறது. பரசூட் வேகமானது, வேரோடு மண் இருப்பதால் நாற்று வாடாது. ஆனால் எறிந்த நாற்றுக்கு வரிசை இல்லை. வரிசை இல்லையென்றால் களைக்கருவி ஓட்ட முடியாது. நான் வரிசைக்குத்தான் வாக்குப் போடுவேன். நட்டுப் பன்னிரண்டாம் நாள் கருவியை வரிசைக்கு நடுவே தள்ளிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். சேறு புரளும், சின்னப் புல்லெல்லாம் வேர் மேலே பார்க்க வெள்ளை வெள்ளையாக மிதக்கும், பின்னால் வரும் கொக்குகள் புழு பொறுக்கும். பத்து நாள் இடைவெளியில் இன்னொரு முறை தள்ளினால், பிறகு கையால் எடுக்க மிச்சம் இருப்பதைப் பிள்ளைகளோடு ஒரு சனி, ஞாயிறில் முடிக்கலாம்.

நடுவதற்கு முன்பும் ஒரு வேலை இருக்கிறது. முதல் மழைக்குப் புல்லை முளைக்க விட்டு உழ வேண்டும். பத்துப் பதினைந்து நாள் விட்டு மீண்டும் முளைக்க விட்டு உழ வேண்டும். பிறகு பலகை அடித்து மட்டமாக்க வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் மேட்டில் தண்ணீர் நிற்காது, மேட்டில்தான் புல் வரும். மட்டப்படுத்தச் செலவழிக்கும் காசு வீணே போகாது.

மொட்டைக்கறுப்பனா, பி.ஜி 352 ஆ?

இதில்தான் ஆட்கள் ஆசைக்கும் கணக்குக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள். கணக்கை முதலில் சொல்கிறேன்.

உரம், மருந்து போட்டுப் புது இனம் செய்தால் ஏக்கருக்கு 85 புசல் எடுப்பது பெரிய காரியம் இல்லை. புசல் ஏறத்தாழ 21 கிலோ. அது 1785 கிலோ நெல். 2025 மாசியில் அரசாங்கம் ‘நாடு’ என்று வகைப்படுத்தும் சாதாரண நெல்லுக்கு அறிவித்த உத்தரவாத விலை கிலோ 120 ரூபா. அந்த விலையிலேயே பார்த்தால் ஏக்கருக்கு 214,200 ரூபா.

என் வயலில் மொட்டைக்கறுப்பன் நல்ல வருடத்தில் தருவது 40 புசல். 840 கிலோ. நெல்லாக விற்றால் பாதி வருமானம்கூட இல்லை. தவிட்டோடு குத்தினால் நூறு கிலோவுக்கு 70 கிலோ அரிசி என்று வையுங்கள், 588 கிலோ. அந்த 214,200 ரூபாவை எட்ட வேண்டுமென்றால் அரிசியைக் கிலோ 365 ரூபாவுக்கு விற்க வேண்டும். குத்துகூலி, அவித்த விறகு, பை எல்லாம் அதற்கு மேலே.

பி.ஜி 352 அல்லது சிவப்பான ஏ.ரி 362 என்ற புது இனங்களை இயற்கைப் பசளையோடு செய்தால், மண் திருந்திய மூன்றாம் வருடத்தில் எனக்கு 55 புசல் வருகிறது. அரிசி 808 கிலோ. அதைக் கிலோ 265 ரூபாவுக்கு விற்றால் போதும்.

இதை மட்டும் பார்த்தால் புது இனம்தான் சரி என்று தோன்றும். ஆனால் வயலில் நிற்கிறவனுக்கு வேறு கணக்கும் தெரியும். பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வரும் பி.ஜி இனங்களும் அம்பலாந்தோட்டை நிலையத்தின் ஏ.ரி இனங்களும் கட்டையானவை, நிறைய நைதரசன் வாங்கி நிறையத் தருவதற்காகவே உருவாக்கப்பட்டவை. பசளை குறைந்தால் அவை சோர்ந்து போகும், கட்டையாக நிற்பதால் புல்லையும் மூடாது. மொட்டைக்கறுப்பன் உயரமாக எழும்பி நிழலால் புல்லை அமுக்கும். கொஞ்சப் பசளைக்கே போதும் என்று நிற்கும். கூடப் போட்டால்தான் சாய்ந்து விழும். பச்சைப்பெருமாளும் அப்படித்தான். சுவந்தெல் போன்ற பழைய இனங்கள் ஐந்து மாதத்தை எட்டுவதால் சின்னக் குளத்துக்குப் பொருந்தாது. மாசிக்குப் பிறகு குளத்தில் தண்ணீர் இருக்குமா என்று யார் சொல்வது?

இன்னும் ஒன்று, யாழ்ப்பாணத்தில் வயதானவர்களுக்கு மொட்டைக்கறுப்பன் என்ற பெயரே போதும். சிவப்புப் புழுங்கல், கஞ்சிக்கும் சரி, பிட்டு மாவுக்கும் சரி. அந்தப் பெயருக்கு விலை இருக்கிறது. ஏ.ரி 362 சிவப்பாக இருந்தாலும் அந்தப் பெயர் அதற்கு இல்லை.

ஆகவே நான் சொல்வது, மூன்று ஏக்கரில் முதல் வருடம் ஒரு ஏக்கர் மொட்டைக்கறுப்பன், ஒரு ஏக்கர் ஏ.ரி 362. மிச்ச ஒரு ஏக்கரில் நெல்லே வேண்டாம், சணலோ பயறோ போட்டு மடக்கி உழ வேண்டும். அடுத்த வருடம் இடம் மாற்ற வேண்டும். எந்த இனம் எவ்வளவு தருகிறது என்று இவனுடைய மண்ணே சொல்லட்டும். என்னுடைய 40 உம் 55 உம் என்னுடைய வயலின் எண்கள்.

யூரியாவுக்குப் பதில் என்ன?

சாதாரணமாக ஏக்கருக்கு 90 கிலோ யூரியா போடுகிறார்கள். யூரியாவில் 46 வீதம் நைதரசன், ஆக 41 கிலோ. கூட்டெருவில் நல்லதென்றால் 1 வீதம் இருக்கும். 41 கிலோவுக்கு நாலு தொன் கூட்டெரு வேண்டும், அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது பாதிக்கும் குறைவு. விலைக்கு வாங்கி இந்தக் கணக்கை யாரும் கட்ட முடியாது. 2021 இல் நாட்டுக்கு நடந்தது இதுதான். மே 6 ஆம் திகதி வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பர் 24 இல் தளர்த்தினார்கள். அதற்குள் காலபோகம் கையை விட்டுப் போய்விட்டது. கட்டையான புது இனத்தை வயலில் வைத்துக்கொண்டு, ஒரே போகத்தில், பசளைக்கு வழி செய்யாமல் யூரியாவை மட்டும் நிறுத்தினார்கள். அடுத்து வந்த மாசியில் எங்கள் ஊரில் கதிர் குவித்துச் சூடு வைத்த களங்களைப் பார்க்கவே வயிறு எரிந்தது. அதை இயற்கை விவசாயத்தின் தோல்வி என்று சொல்கிறவர்களோடு எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அன்று பட்ட கமக்காரர் இந்தப் பேச்சையே வெறுப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அயலில் யாரிடமும் “நீங்களும் மாறுங்கோ” என்று போய் நிற்காதே என்று மருமகனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். முதலில் அவர்கள் உன் வயலைப் பார்க்கட்டும்.

வன்னியில் கையில் இருக்கும் வழி மாட்டுப்பட்டி. இங்கே மேய்ச்சல் மாடுகள் பட்டி பட்டியாக இருக்கின்றன. ஆடி, ஆவணியில் வயல் வெறுமையாகக் கிடக்கும்போது பட்டிக்காரரோடு பேசி இரவில் மாடுகளை வயலில் அடைக்க வேண்டும். அறுபது மாடு ஒரு இரவுக்கு 300 கிலோ சாணம் போடும் என்று வைத்தால் பதினைந்து இரவில் நாலரைத் தொன், சலம் வேறு. இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை அடைப்பை நகர்த்த வேண்டும். ஏற்றுக்கூலி இல்லை, பரப்புகூலி இல்லை. விடியக் காலையில் மாடுகள் எழும்பிப் போன பின் அந்த மண்ணைக் குனிந்து தொட்டால் சூடு இருக்கும், சலம் ஊறி இருண்டிருக்கும். சாணத்தோடு புல் விதையும் வரும். அதனால்தான் ஆவணிக்குள் முடித்துவிட்டு, முதல் மழையில் முளைக்க விட்டு உழச் சொல்கிறேன்.

வேலியில் சீமைக்கிளுவை நட வேண்டும். ஒரு தொன் பச்சை இலையில் ஏழு கிலோ அளவு நைதரசன் இருக்கும். பூவரசு, காவிளாய் எது கிடைத்தாலும் சேற்றில் மிதிக்கலாம். வைக்கோலை எரிக்கவே கூடாது. பயிர் எடுத்த பொற்றாசியத்தில் ஐந்தில் நாலு பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. அதை வயலுக்குத் திருப்பிக் கொடுத்தால் அந்த உரத்தைக் கடையில் தேட வேண்டியதில்லை.

பூச்சியைப் பற்றி நான் அதிகம் பயப்படுவதில்லை. தண்டில் சாறு உறிஞ்சும் அறக்கொட்டி பெரும்பாலும் நெருக்க விதைப்பிலும் யூரியா கூடிய வயலிலும்தான் வெடிக்கும். முதல் நாற்பது நாள் மருந்து படாத வயலில் சிலந்தி நிறைந்துவிடும். மற்றதை அவை பார்த்துக்கொள்ளும்.

சான்றிதழ் எடுக்கவா?

வெளிநாட்டுக்கு ஏற்றுவதென்றால் கட்டாயம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விதைப்புக்கு முந்திய இரண்டு வருடம் இரசாயனம் இல்லாமல் செய்யும் மாற்றக் காலம், அமெரிக்காவுக்குக் கடைசியாக இரசாயனம் பட்டதில் இருந்து அறுவடை வரை 36 மாதம். தனி ஆளாக எடுத்தால் மூன்று ஏக்கர் நெல்லால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. குழுவாக எடுக்கலாம். ஐரோப்பிய விதிப்படி சட்டப் பதிவு உள்ள குழு வேண்டும், 2000 பேருக்கு மேல் போகக் கூடாது. ஐந்து ஹெக்டேயருக்கு உட்பட்ட சிறு கமக்காரர்களை அதில் சேர்க்கலாம். வன்னியில் அநேகம் பேர் அந்த அளவுக்குள்தான் இருக்கிறார்கள். இலங்கையில் இதற்குப் பொறுப்பான பிரிவு ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் இருக்கிறது.

ஆனால் முதல் மூன்று வருடத்துக்கு அது வேண்டாம் என்பேன். பாரிசில் சந்தை தேடும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நம் நாட்டில் ஒரு ஆள் வருடத்துக்கு 100 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் அரிசி சாப்பிடுகிறார். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 35 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கு, 12 கிலோ, இவனுடைய அரிசி என்றால் வருடத்துக்கு 144 கிலோ. ஒரு ஏக்கர் மொட்டைக்கறுப்பன் நாலு குடும்பத்தோடு முடிந்துவிடும். மூன்று ஏக்கர் முழுக்கச் செய்தாலும் பன்னிரண்டு, பதினைந்து வீடு. இந்தப் பதினைந்து வீடும் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் இவனுடைய உறவுக்குள்ளேயே இருக்கின்றன. அவர்கள் வயலுக்கு வந்து வரம்பில் நின்று பார்க்கலாம். அதைவிடப் பெரிய சான்றிதழ் இந்த அளவுக்குத் தேவையில்லை.

பெருப்பிப்பது என்று இவன் சொல்வதும் இங்கேதான் வரும். அடுத்த காசைக் காணியில் போடுவதா, ஆலையில் போடுவதா என்றால் ஆலையில் என்பேன். கூலிக்குக் குத்தும் ஆலையில் முதலில் கொட்டும் அரிசி முந்திப் போன ஆளுடைய நெல். வெட்டு மெசினிலும் அப்படித்தான், பெட்டியில் பிறத்தியார் நெல் மிஞ்சியிருக்கும். விதைக்கு வைக்கும் பகுதியைக் கையால் வெட்ட வேண்டும். றப்பர் உருளை உள்ள சின்ன ஆலை ஒன்று, அவிக்க ஒரு கொப்பறை, காயவிடச் சீமெந்துக் களம் ஒன்று இருந்தால் போதும். ஈரப்பதம் 14 வீதத்துக்குக் கீழே வந்த பிறகு நெல்லாகவே கட்டி வைத்து, மாதா மாதம் கேட்கிற அளவுக்கு மட்டும் குத்த வேண்டும். தவிட்டு அரிசியில் எண்ணெய் இருப்பதால் கன நாள் வைத்தால் சிக்கு மணம் வந்துவிடும். ஆலை வந்தால் அயலில் உள்ள நாலு பேர் தங்கள் நெல்லையும் கொண்டு வருவார்கள். குழு அதில் இருந்துதான் பிறக்கும்.

நேற்று மீண்டும் அழைத்தான். காட்டோரக் காணி இன்னும் அவன் மனதை விட்டுப் போகவில்லை. நான் மேற்கொண்டு வாதாடவில்லை. ஆவணியில் ஒரு கிழமை லீவு எடுத்து வரச் சொன்னேன். இரண்டு பேருமாகப் புளியங்குளம் போய், குளக்கட்டில் நடந்து, தூர் எவ்வளவு என்று தடி ஊன்றிப் பார்க்க வேண்டும். துருசுத் திறப்பு யாருடைய வீட்டில் இருக்கிறது என்று கேட்டு, அந்த வீட்டில் இருந்து ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். போகும் வழியில் பட்டிக்காரர் ஒருவரையும் பார்க்கலாம்.